தரையிறங்காதவர்

செய்தியில் நாலு வரிதான்.
ஜெயதீரன், எழுபத்தொன்று, சிறுநீரகம்.
இயற்பெயர் பிச்சைமணி என்பது
இறந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இரவு வேலை முடிந்து
நொவீனாவில் ரயிலேறி,
கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஈசூன் வந்தேன்.
சீருடையைக்கூட மாற்றவில்லை.
கைப்பேசியில் அந்தப் படம் முழுசாகக் கிடந்தது,
மூலையில் ஏதோ சேனலின் முத்திரையோடு.

எங்களிடம் இருந்தது முழுசில்லை.
தோ பாயோ வீட்டில் ஒரே நாடா.
கப்பல் பட்டறையிலிருந்து வந்த அவசரத்தில்
அப்பா மலேசியக் கிண்ண ஆட்டத்தை
அதன் மேலேயே பதிந்துவிட்டார்.
பதினோரு நிமிடம்.

அதனால் எங்கள் ஜெயதீரன்
மூன்றாம் மாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு
கண்ணாடித் தூளோடு வெளியே பாய்வார்,
சட்டை காற்றில் விரியும்,
உடனே திரை நடுங்கிப்
பச்சைத் திடல்.
ஐம்பதாயிரம் பேர் கத்துவார்கள்.
அவருக்காகத்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.
யாரோ மூலையிலிருந்து பந்தை உதைக்க ஓடி வர,
மறுபடி கோடு, மறுபடி நடுக்கம்,
துறைமுகத்தில் அவர் வந்துகொண்டிருப்பார்
ஒரு காலை இழுத்து இழுத்து,
யாரையும் பார்க்காமல்.

அந்த நடை!
புளோக்குக் கீழே அத்தனை பிள்ளைகளும் அப்படித்தான் நடந்தோம்.
ரிட்சுவான் கல்மேசையிலிருந்து குதித்துவிட்டு நடப்பான்.
செங் ஹுவாட்டுக்கு ஒரு வசனமும் புரியாது,
நடை மட்டும் எல்லாரையும்விட நன்றாக வரும்.
மின்தூக்கிக்கு நொண்டிப் போன என்னைப் பார்த்துவிட்டு
ஏழாம் மாடி மேடம் லிம்
தைலப் புட்டியோடு அம்மாவிடம் வந்து நின்றார்.

நடுவில் என்னதான் நடந்தது?
கீழே வைக்கோல் லாரி நின்றிருக்கும் என்பான் தம்பி குமணன்.
வைக்கோல் ஏற்றிய லாரியை நீ எங்கேடா பார்த்தாய் என்பேன்.
சரி, மணல் லாரி.
ரிட்சுவானின் கட்சி வேறு:
அவர் விழவே இல்லை, அப்படியே போய்விட்டார்.

இன்றைக்குப் பார்த்தேன்.
லாரி இல்லை.
சிமெண்ட் தரை, ஈரமாக.
மனிதர் விழுகிறார்.

நான் எலும்பைப் படம் பிடிக்கிறவள்.
மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று
இருபத்திரண்டு வருடமாக நாலு மொழியில் சொல்கிறவள்.
நிறுத்தினேன், பின்னுக்கு இழுத்தேன், மறுபடி ஓட்டினேன்.
குதிகால் முதலில் தொடுகிறது.
முட்டி மடங்குகிறது, மடங்கக் கூடாத பக்கம்.
வாய் திறக்கிறது. அது வசனமில்லை.
டிரம்பெட் வந்து அதை மூடிவிடுகிறது.

அப்புறம் படகில் ஒரு பாட்டு.
சுற்றி இருபது பேர் ஆடுகிறார்கள்.
அவர் மட்டும் உட்கார்ந்தபடியே வாயசைக்கிறார்,
சிரிக்கிறார்,
தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.
அப்புறம் துறைமுகம்.
அந்த நடை.

கோப்பி ஆறிப்போயிருந்தது.
பெர்த்தில் இருக்கும் குமணனுக்கு அனுப்பினேன்:
விழுந்துட்டார்டா. நெசமாவே கால் போயிருக்கு.

வெகுநேரம் பதில் இல்லை.
பிறகு: எந்தக் கால்?

இடது.

மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, தோன்றின.
நாம வலதையில்ல இழுத்தோம்.

ஆமாம்.
அவருக்கு எதிரே உட்கார்ந்து
பார்த்தோம்.