கண்ணீர் அஞ்சல்

முப்பத்திரண்டு ஓட்டை போட்ட தொப்பி.
ஒவ்வொன்றிலும் குளிர்ந்த ஜெல்லை நிரப்புகிறாள் ஹஸ்லிண்டா.
லெம்பா பந்தாயில் மழை பிடித்துக்கொண்டது;
இந்த அறைக்கு ஜன்னல் இல்லை.
கண் சிமிட்டக் கூடாது, தவா,
கூட்டல் குறி வரும்போது மட்டும்.

திரையில் ஒரு நேரத்தில் ஒரு சொல்.
அரை நொடி. அணையும். அடுத்தது.

கனமழையில்
கிள்ளான்
ஆறு

இங்கேயே எனக்குள் செம்மண் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது.
எண் ஆறும் எட்டிப் பார்த்திருக்குமாம்,
ஆறிப்போகிற கோப்பியும் எட்டிப் பார்த்திருக்குமாம்,
நான் அறியுமுன் மழையும் கிள்ளானும் சேர்ந்து
அவற்றை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுமாம்.

பசியாற
ரொட்டி சானாயும்
பருப்புக் குழம்பும்
ஏணியும்

நான் சிரிக்கவில்லை.
சிரிப்புக்கு முன்பே, ஒரு நொடியில் பாதிகூட ஆகாதபோதே,
ஏதோ ஒன்று உள்ளே சறுக்கி எழுந்தது.
அடுத்த அறையில் ஒரு கோடு வளைந்திருக்கும்.

ஹஸ்லிண்டாவுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.
ஏணி எது, ரொட்டி எது என்று தெரியாது.
எனக்கு எங்கே கால் இடறியது என்று மட்டும்
அவளுக்குத் தெரியும்.

ஜாலான் ஈப்போவில் ஒரு நாளிதழ். இரவு வேலை.
பதினேழு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன்.
இடறுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், எட்டாம் பக்கம்,
கறுப்புக் கட்டம், நடுவில் புகைப்படம்.
மூன்று தடவை படித்தேன்.
'கண்ணீர்' என்றதுமே அடுத்த சொல் எனக்குள் எழுந்து நின்றது.
தாளில் இருந்ததைத் தள்ளிவிட்டு
அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.
மேல்விலங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.
(தலைப்பில் நீங்களும் அதைத் தாண்டி வந்திருக்கலாம்.
குற்றமாகச் சொல்லவில்லை.)

மறுநாள் ரவாங்கிலிருந்து தொலைபேசி. இறந்தவரின் மகன்.
சத்தம் போடவில்லை.
"கண்ணீர் அஞ்சல்னு போட்டிருக்கீங்க.
சரி.
எந்த விலாசத்துக்கு அனுப்பறது?"

நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும்.
யார், எங்கே, எதை, யாருக்கு
எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு
அதுவரை நிற்கப் பழகியவள் நான்.
அன்று ஏந்திக்கொண்டே நின்றேன்.
அவரும் காத்திருந்தார்.
பிறகு வைத்துவிட்டார்.

தொப்பியைக் கழற்றும்போது கேட்டேன்.
அன்றிரவு இந்தக் கோடு வளைந்திருக்குமா?
உள்ளே யாரோ பார்த்துவிட்டு எனக்குச் சொல்லாமல் விட்டதா,
அல்லது யாருமே பார்க்கவில்லையா?

ஹஸ்லிண்டா ஒயர்களைச் சுற்றிக்கொண்டே யோசித்தாள்.
சில நேரம் வளையும். சில நேரம் இல்லை.
முன்னால் வந்த சொல் பலமாக இழுத்தால்
மூளையும் கூடவே போய்விடும்.

இரண்டில் எந்தப் பதில் எனக்கு வேண்டும் என்று
தெரியாமல் தலையைக் கழுவினேன்.
முப்பது ரிங்கிட் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

ரயிலில் எதிரே ஒருவர் எங்கள் தாளை விரித்திருக்கிறார்.
எட்டாம் பக்கம் எனக்கு நேராக.
காதோரம் இன்னும் ஜெல் பிசுபிசுக்கிறது.
கண்ணீர்
என்பதற்கு அடுத்ததை
அ, ஞ், ச என்று
விரல் வைக்காத குறையாகப் பார்த்து
லகரத்துக்கு வருகிறேன்.
மேல்விலங்கு இருக்கிறது.

பங்சாரில் கதவு திறந்தது.
தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.
பாசார் செனியும் தாண்டிய பிறகுதான் உறைத்தது,
இறந்தவரின் பெயரை
நான் படிக்கவில்லை.