இறக்கம்

ஓமலூர் ரோட்டில் மூன்றாவது மாடி.
ஜன்னலில் பாதி ஏசி பெட்டி, பாதி மலை.
மைக்ராஸ்கோப்புக்குக் கீழே
தீர்த்தமலையின் நுரையீரல்,
ஒரு நகக்கண் அளவு.

ஏற்காடு பஸ் ஓட்டுகிறவர்.
பீடி தொட்டதில்லை.

"ஆக்சிலேட்டர் மாட்டிக்கிச்சுன்னு வெச்சுக்கங்க"
என்றார் டாக்டர்.
தீர்த்தமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"மலையில ஆக்சிலேட்டரால எவன் சார் செத்தான்?
இறக்கத்துல பிரேக் காஞ்சுதான்."

இரண்டும்தான் என்று
எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

செல்லின் தோலில் ஒரு காது.
வெளியே யாராவது வளரச் சொன்னால்
உள்ளே சொல்லவேண்டிய காது.
இவருக்கு அது
யாரும் சொல்லாமலே கேட்டுக்கொண்டிருக்கிறது.
அதன் வால்முனை நொதி
ஒரு பாஸ்பேட்டைக் கிள்ளி
பக்கத்துப் புரதத்தின் மேல் ஒட்ட,
அது அடுத்ததைத் தட்ட,
ஐந்து ரோட்டில் ஒருத்தன் ஹார்ன் அடித்தால்
எல்லாரும் அடிப்பதுபோல
உட்கருவரைக்கும் சத்தம்:
பிரி, பிரி, இன்னும் பிரி.

அதோடு நின்றிருந்தால்
வெறும் கட்டி. அறுத்து எடுத்திருக்கலாம்.

அதே சத்தம் கேட்டு
இன்னொரு நொதி கத்தரியோடு கிளம்புகிறது.
காப்பித் தோட்டத்தில் காட்டெருமை புகுந்தால்
வேலி சாய்ந்து கிடக்கும், விடிந்ததும் தெரியும்.
இது தையல் பிரிக்கிற வேலை.
கொலாஜனில் ஓர் இழை,
பிறகு ஓர் இழை,
ரத்தக்குழாய் ஓரம்வரை.
அங்கே பஸ் ஏறிவிடுகிறது.
எங்கே இறங்கியது என்று ஸ்கேன் சொன்னது:
கல்லீரல்.

காலையில் ஒரு மாத்திரை.
நொதியின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
பாஸ்பேட்டுக்கு இடம் கிடைக்காது.
பதினாலு மாதம் ஓட்டினார்.
முகமெல்லாம் பரு.
"அண்ணனுக்கு மறுபடி கல்யாண வயசு" என்றானாம்
கண்டக்டர் இர்ஷாத்.
ஒருமுறை எனக்கு மிளகு கொண்டுவந்தார்,
பழைய டைம்டேபிளில் பொட்டலம் கட்டி.
இன்னும் தீரவில்லை.

இன்றைக்கு, ரத்தத்தில் மிதந்த டி.என்.ஏ.வில்
ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
ஒன்றே ஒன்று.
பள்ளத்தின் வாயில் ஏதோ பருத்து நிற்க
மாத்திரைக்கு இனி அங்கே இடமில்லை.
வேறொன்று இருக்கிறது. விலை இருக்கிறது.
காப்பீட்டு ஆபீசில் ஃபைல் இருக்கிறது.

பேப்பரை வாங்கி
தலைகீழாகவே பிடித்துக்கொண்டு கேட்டார்:
"திங்கக்கிழமை டூட்டி போட்டுக்கலாமா?"

நான் டாக்டரைப் பார்த்தேன்.
டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.
மலையில் யாருடைய வண்டியோ
ஒரு வளைவில் விளக்கு தெரிந்து
மரத்துக்குள் போனது.

"கடைசி பஸ்" என்றார் தீர்த்தமலை,
திரும்பிப் பார்க்காமலே.
"மாணிக்கவேலு. செகண்ட் கியர்லயே வருவான்."