கட்டற்ற கால்

ப்ர்னோ. பிப்ரவரி. காலை ஏழே கால்.
குடியேற்ற அலுவலகக் கதவுக்கு வெளியே
எங்களுக்கு முன்னால் பதினெட்டுப் பேர்.
சன்ஜார் கோப்பைச் சட்டைக்குள் வைத்திருக்கிறான்,
பனியில் நனையாமல்.

நான் மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவள்.
அவன் ரஷ்ய மொழியில் சொல்வதைச் செக்கில் சொல்வேன்.
கூட்டவும் குறைக்கவும் எனக்கு உரிமையில்லை.

மாதச் சம்பளமில்லாமல் பிழைப்பவரை
'கட்டற்ற காலில் இருப்பவர்' என்பார்கள் இங்கே.
அந்தக் காலை ஊன்ற
அல்மாத்தி போலீஸ் கொடுத்த நன்னடத்தைத் தாள்,
அதன்மேல் முத்திரை,
முத்திரை உண்மைதான் என்று இன்னொரு முத்திரை,
காப்பீடு,
வீட்டுக்காரர் கையெழுத்து.

'என்ன தொழில்?'
'ஒலிநூல்களில் மூச்சை வெட்டுகிறேன்.'
அப்படியே சொன்னேன்.
திருமதி ஹவ்லீச்கோவா தட்டச்சை நிறுத்தினார்.
'யாருடைய மூச்சை?'
'வாசிப்பவர்களுடையதை.
இரண்டு வாக்கியத்துக்கு நடுவே இழுப்பார்களே, அது.
முழுக்க எடுத்துவிட்டால் செத்தவர் படிப்பதுபோல் ஆகிவிடும்.
கொஞ்சம் விட்டுவைக்கணும்.'

பட்டியலில் அப்படியொரு தொழில் இல்லை.
அவர் விரல் பக்கம் பக்கமாக இறங்கி
கடைசி வரியில் நின்றது:
வேறெங்கும் வகைப்படுத்தப்படாத சேவைகள்.
சன்ஜார் அதை முகவரிபோல எழுதிக்கொண்டான்.

'வங்கியில் இருப்பது உங்கள் பணமா?'
'ஆமாம்' என்றான்.
'ஆமாம்' என்றேன்.
மூன்று நண்பர்கள் திங்களன்று போட்டது,
வெள்ளிக்கிழமை திரும்பிப் போய்விடும்
என்று டிராமில் சொல்லியிருந்தான்.
டிராமில் சொன்னதற்கு எனக்குக் கூலி கிடையாது.

அப்புறம் அந்த அம்மாள்
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.
தொடைமேல் கிடந்த அவன் விரல்
தானாக ஒருமுறை அசைந்தது,
வெட்டுகிற விரல்.
வெட்டவில்லை.
அதை எந்த மொழியில் சொல்வதென்று
எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் கையெழுத்துக்கு நோட்டரி சான்று வேண்டுமாம்.
வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார்.
வருவோம் என்று ஒற்றைக் காலில் நின்றான்,
அவர் வரவேண்டாமென்று சொன்னதுபோல.

வெளியே இரண்டு மணி நேரக் காசை எண்ணிக் கொடுத்து
ரசீது கேட்டான்.
எழுதிக் கொடுத்தேன், விரல் விறைக்க.

என் அனுமதி மார்ச்சோடு முடிகிறது.
கிஷினாவில் வாங்கிய தாள்களெல்லாம் காலாவதி.
செக் எனக்கு நன்றாகவே வரும்,
மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை.
ஆனாலும் கேட்டுவைத்தேன்,
'பன்னிரண்டாம் தேதி காலையில் சும்மா இருப்பாயா?'