பத்து அங்குலக் கதிரை

எனக்கு உட்காரத் தந்தது
பத்து அங்குலக் கதிரை.
முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க
நாற்பத்தொரு வயதை மடித்து வைத்தேன்.
"உடையாது, பயப்படாதீங்க"
என்றாள் ஹஸ்னா டீச்சர்.
அவளுக்கு இருபத்து நாலு.

உள்ளே வரவே இரண்டு கடிதம் வேண்டியிருந்தது.
கிராம சேவகர் ஒன்று தந்தார்.
பொலிஸ் ஒன்று தந்தது:
இவர்மேல் குற்றம் எதுவும் பதியப்படவில்லை.
பதினாறு வருடம்
துறைமுகத்தில் கொள்கலன் எண்ணியவனிடம்
யாரும் கேட்டதில்லை இதை.
ஜிந்துப்பிட்டியில்
அச்சகத்துக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில்
சம்பளமில்லாத வேலைக்குக் கேட்டார்கள்.
கோபம் வந்தது.
கேட்டது சரிதான் என்று பட்டது,
பிறகு.

கம்பனி மூடி நாலாம் மாதம் அது.
செவ்வாயும் வியாழனும் மட்டும்,
வீட்டுச் சுவர் வாய் திறப்பதற்குள்
எங்காவது போய்வரலாம் என்று.

முதல் நாள்
முப்பத்தேழு சப்பாத்துக்கு வார் மாட்டினேன்.
முப்பத்தெட்டாவதின் சொந்தக்காரி தெவ்மி
"எப்பா" என்று காலை இழுத்துக்கொண்டாள்.
எனக்குத் தெரிந்தது துறைமுகச் சிங்களம்.
அதில் பாதி பிள்ளைகள் காதுக்கு ஆகாது.
மீதியை வைத்துக்கொண்டு தடுமாற,
இடது எது வலது எது என்று
அவளே எனக்குக் காட்டித் தந்தாள்.

வாசலில் ஒரு தாய்
என்னைப் பார்க்காமல் ஹஸ்னாவைக் கேட்டாள்:
"ஆம்பிளை ஒராளா?"
"கக்கூஸுக்கு நான்தான் கூட்டிப் போவேன்.
கதவெல்லாம் திறந்துதான் இருக்கும்."
அவ்வளவுதான் பதில்.
நான் மெழுகுப் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தேன்,
சீவத் தேவையில்லாதவற்றையும்.

ஆதிகன் களிமண் உருட்டினான்.
இது என்ன என்று கேட்டேன்.
"இன்னும் தெரியாது."
போன மாதம் ஒரு நேர்முகத் தேர்வில்
ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்றார்கள்.
என்னென்னவோ சொன்னேன்.
இதைச் சொல்லியிருக்கலாம்.

ஹஸ்னா டோஹாவுக்குப் போகிறாள்.
ஒரு வீடு, இரட்டைக் குழந்தைகள்.
இங்கே ஆறு மாதத்தில் வருவது
அங்கே ஒரு மாதத்தில்.
"அங்கயும் பிள்ளைகள்தானே அண்ணா"
என்று சொல்லிவிட்டு
தன் டிப்ளோமாவை
மழைக்கு நனையாத உறையில் போட்டாள்.
பத்தொன்பது பேருக்குப் படித்தது
இரண்டு பேருக்குப் போகிறது.

அவளுடைய இடம் காலி.
விண்ணப்பம் என் கையில்.
சனிக்கிழமைகளில் ஒரு வருடப் படிப்பு,
கட்டணத்தைத் தவணையில் கட்டலாம்.
சம்பளம் எழுதிய வரியை
பிரஷாந்தி விரலால் மறைத்து, எடுத்து,
மறுபடி பார்த்தாள்.
"ஓட்டோ ஓடினாலும் இதவிட வரும்."
கொஞ்சம் கழித்து:
"இப்பெல்லாம் நீங்க
கதவை மெதுவா சாத்துறீங்க."
இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.
எதைப் பதிலாக எடுப்பது?

இன்று வியாழன்.
வீட்டுக்கு விடும் நேரம் எண்ணினேன்.
பதினெட்டு.
துறைமுகத்தில் ஒன்று குறைந்தால்
கோப்பைத் திறப்போம்,
காப்புறுதிக்கு எழுதுவோம்,
தேநீர் குடிப்போம்.
இங்கே எனக்குக் காது அடைத்தது.
ஓடினேன்.

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
ஆதிகன் குந்தியிருந்தான்,
பாண் துண்டொன்றை இழுத்துக்கொண்டு
மதிலேறும் எறும்புக்குக் காவலாக.
பேச வாய் திறந்தேன்.
உதட்டில் விரல் வைத்தான்.

நானும் குந்தினேன்.
முழங்கால்கள் தம் இடத்தை அறிந்திருந்தன.
சட்டைப்பையில் விண்ணப்பம்
வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது;
அனுபவம் என்ற கட்டத்தில்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

"எத்தனை?" என்றாள் ஹஸ்னா
உள்ளேயிருந்து.

பத்தொன்பது என்றேன்,
எறும்புக்குக் கேட்காதபடி.