இரண்டு படி

ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து
முப்பத்தெட்டுப் பிரதியிலும்
நூற்று நாற்பத்திரண்டையும் நாற்பத்து மூன்றையும்
முகத்தோடு முகம் வைத்துப் பின் அடித்தேன்.
பிரதிக்கு மூன்று.
ஸ்டேப்ளர் ஒருமுறை என் நகத்தையும் கடித்தது.

பன்னிரண்டாம் வகுப்பு. வளர்ந்த பிள்ளைகள்தான்.
இருந்தாலும் தலைமையாசிரியர் கேட்டிருந்தார்:
'அதுல அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே?'
சரித்திர நாவல் சார், கோட்டை, முற்றுகை, குதிரை என்றேன்.
பொய்யில்லை.
குதிரை நிறையவே இருந்தது.

ஜன்னலில் ராயக்கோட்டை மலை.
கதையில் கும்பினிப் பட்டாளம் கூடாரமடித்த சரிவில்
தக்காளி டெம்போ ரிவர்ஸ் எடுக்கிறது.
குண்டு விழும் இடங்களை உரக்கப் படித்தேன்.
கழுத்தறுபட்ட சிப்பாயை,
கடைசி பெஞ்சு கேட்டதற்காக, இரண்டு தடவை.
அந்தப் பக்கத்துக்குப் பின் அடிக்க
எனக்குத் தோன்றவே இல்லை.

நூற்று நாற்பத்தொன்றில்
திம்மக்காவின் அடுப்பில் பூனை படுத்திருக்கிறது.
நூற்று நாற்பத்து நான்கில்
களி வெந்து இறக்கியாயிற்று.
பிள்ளை இரண்டும் தின்றுவிட்டுத் தூங்குகின்றன.
அவள் மட்டும் தின்னவில்லை.
அடுத்த பத்தி, என்றேன்.

மாதேஸ்வரி எழுந்தாள்.
அவள் அம்மா மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவள்.
'சார், கேவுரு எங்கிருந்து வந்துச்சு?'

யாராவது கொடுத்திருப்பாங்க.

'அந்தப் பஞ்சத்துலயா?
மூட்டை கணக்குப்பிள்ளை கூடாரத்துல மட்டும்தான் சார்,
நூத்திப்பத்தாம் பக்கத்துல இருக்கு.'

முனிரத்தினம் சிரிக்க ஆரம்பித்து
யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டான்.
ஃபேன் சுற்றியது. டெம்போ போயே விட்டது.

அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன்.
என் பின்கள் வெள்ளி நிறம்.
இதில் இருந்தவை செம்பு.
பக்கத்தில், கொசு கடித்த மாதிரி,
பழைய துளைகள்.
பிரித்துப் படித்துவிட்டு
என் மானம் போகாமல் திரும்ப அடித்து வைத்திருக்கிறாள்.

என்னென்னவோ சொல்லத் தயாராக இருந்தேன்.
காலம் அப்படி, போர் அப்படி,
ஆசிரியரின் நோக்கம் இப்படி.

அவள் கூடாரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.
தரையைப் பார்த்தபடி,
தன் வீட்டு வரவு செலவைச் சொல்வதுபோல்
சொன்னாள்:

'ரெண்டு படிதான் சார்.
அதையும்
தலை தட்டித்தான் அளந்தான்.'

மணியடிக்க இன்னும் எட்டு நிமிஷம்.
பின்னை நெம்பினேன்.
கடிபட்ட நகம் ஒத்துழைக்கவில்லை.
பெண்கள் பக்கமிருந்து
யாரோ
ஒரு காம்பஸை நீட்டினார்கள்.