துவக்கு

எங்கள் பக்கத்தில் இதற்குத் துவக்கு என்று பெயர்.
தொடங்கு என்று சொல்லவும் அதே சொல்தான்.
புர்க்டோர்ஃப் சுடுவோர் சங்கத்தில் இதை விளக்கினேன்.
ஊலி சௌக் சிரித்தார்:
"எங்களுக்கு அது முடிக்கிற சாமான்."
பிறகு கோப்பிக்குச் சீனி போட்டார்.

நானூறு பிராங்குக்கு ஒன்று விலைக்கு வருகிறது,
சின்னது, கறுப்பு, அரைத் தானியங்கி.
வைத்திருப்பவர்களைக் கேட்டு வாங்கு என்றார்கள்.
வியாழன் மாலைகளில் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஊலியிடம் ஆறு வருடமாக இருக்கிறது.
"அந்தக் காசுக்குக் குதிரை தேடாதே, யசோ.
இது கழுதை. மழையிலும் நடக்கும்.
மலிவு ரவை போட்டால் மட்டும்
நூற்றில் ஒருதரம் நின்று யோசிக்கும்."

ஃபிரென்சி லூத்தி பல் கட்டுகிறவர், சிறிய கை.
அவருக்கே சுண்டுவிரல் வெளியே தொங்குகிறதாம்,
"வாடகைக்கு வீடு கிடைக்காதவன் மாதிரி."
முதல் மாதம் பெருவிரல் மடிப்பைக் கடித்ததாம்.
வளர்த்த நாய் கடித்ததைக் காட்டுவது போலத்
தழும்பைக் காட்டினார்.

நீல்ஸுக்கு இருபத்துமூன்று, வங்கியில் பயிற்சி.
"விசை கல்லு மாதிரி. மலிவு மலிவுதான்."
அவனுடையது மூன்று மடங்கு விலை.
அவனுடைய ஓட்டைகளும்
கறுப்பு வட்டத்துக்கு இடக்கீழேதான் கிடந்தன.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அனுமதித் தாளுக்கு எழுதிப் போட்டேன்.
இன்ன நாட்டாருக்கு இல்லை என்று ஒரு பட்டியல்,
அதில் நான் பிறந்த நாடும் உண்டு.
சிவப்பு அட்டைக் கடவுச்சீட்டை நீட்டினேன்.
மேசைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
திரும்பவும் அதைப் பார்த்தார்.
இரண்டு கிழமையில் ஒப்பம் வந்தது.

அக்கா தொலைபேசியில்:
"அங்கையிருந்து ஓடி வந்தது இதுக்கோடி?"
அங்கே ஒருநாளும் நான்
பிடியின் பக்கம் நின்றதில்லை
என்று சொல்ல வாய் எடுத்தேன்.
"வியாழக்கிழமைப் பின்னேரம் சரியான நீளம், அக்கா"
என்று சொல்லி வைத்தேன்.

விற்கிற வீடு ஹாஸ்லெயில்.
சமையலறை மேசையில் பெட்டி, பற்றுச்சீட்டு,
பாதி வெட்டிய ரொட்டி.
கணவர் வாசலில் சப்பாத்தோடு நின்றார்,
உள்ளே வரவுமில்லை, வெளியே போகவுமில்லை.
"பாவிக்க எப்படி? குறை ஏதும்?"
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
"லூகாஸினுடையது" என்றார் ரூத் எஷ்லிமான்.
"நாங்கள் தொட்டதில்லை."

மருத்துவமனையில் என் வேலை
கத்தரிகளைக் கழுவி, நீராவியில் வைத்து,
எண்ணி அடுக்குவது.
ஒட்டிக்கொண்டிருப்பது எதுவும்
என் கண்ணுக்குத் தப்பாது.
மூடியின் குறுக்கே நாடா ஒட்டி உரித்த பிசின்,
ஒரு விரல் அகலம்.
மூலையில் பாதி கிழிந்த இலக்கம்,
வீட்டுக்காரர் யாரும் எழுதாத இலக்கம்.
காசை எண்ணி வைத்தேன்.
அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டில் பஞ்சைத் தூக்கியபோது
அடியில் நாலாய் மடித்த தாள், பென்சில் எழுத்து:
"இடம், கீழே. திரும்பவும் இடம், கீழே.
துவக்கில் பிழையில்லை. என்னில்."
தூசு தட்டி வைப்பதா, எரிப்பதா,
திருப்பிக் கொடுப்பதா.
மேலங்கிப் பையில் போட்டேன்.
மூன்று கிழமையாகிறது.
மூடியை ஸ்பிரிட்டால் துடைத்தும் பார்த்தேன்.
பிசின் முழுக்கப் போகவில்லை.

நேற்று நீல்ஸ் கேட்டான்: "எப்படி உன் கழுதை?"
என் அட்டையில் ஆறு ஓட்டை,
ஆறும் இடம், கீழே.
"அது நேராகத்தான் சுடுகிறது" என்றேன்.

வேலைக்குப் போகிற ரயில்
ஹாஸ்லெயில் ஒரு நிமிடம் நிற்கும்.
இறங்கினால் ஏழு நிமிட நடை.
கதவைத் திறப்பார்.
கையில் தாளோடு, அவருடைய மொழியில்,
எந்தச் சொல்லில் துவக்குவது?