காற்று எடுத்தல்

மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம் என்று
என் இரட்டைவடச் சங்கிலி களியல் சொசைட்டிக்குப் போனது.
திரும்பி வந்தது நாற்பத்தெட்டு கிலோ,
கோயம்புத்தூர்ப் பார்சலில், மரப்பெட்டியில்.

அடுக்களை வாசல்வரை அதை உருட்டி வந்து
"ஹைட்ராலிக்காக்கும்" என்றார் வில்பர்ட்.
"பேட்டரி விஞ்ச் ரெண்டு இழுப்பில மூச்சு வாங்கும்.
இது எஞ்சின் ஓடுற வரைக்கும் இழுக்கும், கேட்டியா."
நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்.
அதற்குமேல் ஒன்பது நாள் பேச்சில்லை.

பலாமரத்தடியில் முகம் கழற்றிக் கிடந்தது ஜீப்.
சேசிஸில் நாலு துளை போட்டார்.
டிரில் பிட் சூடேறி நீலமாகி
இரும்பு சுருள் சுருளாக உதிர,
புழுவென்று கொத்திப் பார்த்து ஏமாந்தது கோழி.

ஓஸ் நீளம் அளக்க
என் துணிக்கொடியை அவிழ்த்தார்.
ஸ்டியரிங் பம்பிலிருந்து விஞ்சுக்கு,
விஞ்சிலிருந்து ஸ்டியரிங் பெட்டிக்கு,
விசிறியிடம் மாட்டாமல், ரேடியேட்டரை உரசாமல்,
வளைவுக்கு ஒரு சாண் கூட்டி முடிச்சிட்டு,
கொடியோடு மார்த்தாண்டம் பாலத்தடிக் கடைக்குப் பஸ் ஏறினார்.
அன்று என் ஈரத்துணி முள்வேலியில் காய்ந்தது.

பத்தாம் நாள் ஞாயிறு.
ஆராதனை முடிந்து சேலை மாற்றுமுன் கூப்பிட்டார்,
பெயர் சொல்லி அல்ல, ஹார்ன் அடித்து.
முன்சக்கரம் இரண்டும் ஜாக்கியில் தொங்கின.
எஞ்சின் அணைந்திருந்தது.
"ஸ்டியரிங்கைத் திருப்பு. இந்தக் கோடி, அந்தக் கோடி.
முட்டி நிக்காத."

திருப்பினேன்.
எண்ணெய்ப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து
"குமிழி வருது" என்றார்.
திருப்பினேன்.
"இன்னும் வருது."
"எம்புட்டு நேரம்?"
"காத்து கெடக்க வரைக்கும்."

இடது கோடியில் வட்டி எவ்வளவென்று கேட்டேன்.
வலது கோடியில் சொன்னார்.
இடது கோடியில், யாரிட்ட கேட்டு, என்றேன்.
மூன்று சுற்றுக்குப் பதில் வரவில்லை.

பிறகு, பானட்டுக்குள் குனிந்தபடியே,
மே மாதம் பத்துகாணி மேட்டில்
அன்னாசி ஏற்றிய டெம்போ சரிந்த ராத்திரியைச் சொன்னார்.
உள்ளே பையன் கத்த, எட்டுப்பேர் கயிறு பிடித்ததை.
தன் ஜீப்பும் அங்கே நின்றதை.
விடியும்வரை அது ஹெட்லைட் காட்டியதை மட்டும் செய்ததை.
பையனுக்கு உயிர் இருக்கிறது.
இடது கால் முட்டுக்குக் கீழே இல்லை.

நான் திருப்புவதை நிறுத்தவில்லை.
ரோஸ் நுரையாக இருந்த எண்ணெய்
சிவப்பாகத் தெளிகிறது என்றார்.

கயிற்றை முதல்முறை சுமையோடு சுற்ற வேண்டுமாம்.
அயனி மரத்தில் சாக்கு சுற்றி, பட்டை கட்டி, கொக்கி மாட்டினார்.
கயிறு அறுந்தால் தலைக்கு வராதிருக்க
எங்கள் கல்யாணக் கம்பளியை அதன்மேல் போட்டார்.
அதற்கும் கேட்கவில்லை.

ஸ்டியரிங்கில் நான். எஞ்சின் ஓட, கைபிரேக் பாதியில்.
பொத்தானை அழுத்தினேன்.
கயிறு நிமிர்ந்தது. முனகியது.
மரம் வரவில்லை,
நாங்கள் போனோம்,
விரற்கடை விரற்கடையாக,
நடக்க மறந்த எருமை போல.
பாதியில் ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்த்தேன்.
கல்.
"இழுக்க நேரம் திருப்பாத. ரெண்டுக்கும் ஒரே எண்ணெய்தான்."
அதை நான் யோசித்துக்கொண்டிருக்க
"எடியே மேபிள், கையை எடு, மரம்!"

பத்து நாளில் அதுதான் என் பெயர்.

ராத்திரி மழை.
ஓர் இணைப்பில் சொட்டியது.
ரப்பர்ப்பால் சிரட்டை ஒன்றை அடியில் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.
காலையில் அதில் ஒரு கரண்டி சிவப்பு.
அவர் வாய் திறக்குமுன்
இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பானரை நீட்டினேன்.

சங்கிலிக்கு இன்னும் எழுபத்தொரு நாள்.